பாட்டன் எழுதிய ஓலை

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களில் கள்ளக்குறிச்சியில் எந்தப் பள்ளிக்கூட வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று தாயின் முந்தானையைப் பிடித்துக் கொண்டு நிற்கும். தகப்பனார் அட்மிஷன் பாரத்தைச் சுவரில் வைத்து நிரப்பிக் கொண்டிருப்பார். பெயர் எழுதும்போது இனிஷியல் சரிதானா என்று ஒரு தரம் யோசிப்பார். பிறந்த தேதிக்குச் சான்றிதழைப் பார்த்துக் கொள்வார். 'மதம்' என்று போட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் பேனா தயங்குவதே இல்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பென்சில் பிடிக்கத் தெரியாது. அதற்குள் அதன் கடவுள் யார் என்று பதிவாகிவிட்டது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு என்று நான் இன்னும் சொல்லவில்லை. இதை ஒரு கேள்வியாகக்கூட நாம் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவர்கள் தங்கள் மத நம்பிக்கையில் பிள்ளைகளை வளர்க்கலாமா? வளர்க்கலாம் என்றால் எதுவரை? பெண்ணுக்கு வரன் பார்க்க ஆறு மாதம் அலைகிறோம். புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். இந்த ஒரு காரியத்தில் மட்டும் நமக்கு யோசனையே கிடையாது.

யோசித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். 'என் பிள்ளை, என் மதம். இதில் மூன்றாம் மனுஷனுக்கு என்ன வேலை?' என்பது ஒரு கட்சி. 'பதினெட்டு வயது வரைக்கும் ஒன்றும் சொல்லாதே. வளர்ந்த பிறகு எல்லா மதத்தையும் படித்துப் பார்த்து அதுவே தேர்ந்தெடுத்துக் கொள்ளட்டும்' என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இருக்கிறது. இரண்டாவது கட்சியோடு உள்ள சண்டை சின்னது. அதை முதலில் முடித்துக் கொள்கிறேன்.

ஒன்றும் சொல்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். தெருவில் வரிசையாகப் பாடை கட்டிய நாட்கள் அவை. அந்த வீடுகளில் ஆறு வயதுக் குழந்தை, 'அப்பா எங்கே போயிட்டாரு?' என்று கேட்டிருக்கும். கேட்காமல் இருந்திருக்காது. அதற்கு என்ன பதில் சொல்வது? 'சாமிகிட்டே போயிட்டாரு' என்பது ஒரு மதம். 'செத்துப் போனால் அவ்வளவுதான், மண்ணோடு மண்' என்பது இன்னொரு மதம். 'உனக்குப் பதினெட்டு வயது ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன்' என்று எந்தத் தாயாவது சொல்வாளா? சொன்னால் அவள் தாயா? சாவும் பிறப்பும், வியாதியும் கல்யாணமும் குழந்தையின் கண்ணெதிரிலேயே நடக்கின்றன. அவற்றுக்கு நாம் சொல்லும் பதிலும், சொல்லாமல் விழுங்கும் பதிலும், அழும்போது கைகூப்புவதும் கூப்பாமல் இருப்பதும் எல்லாமே பாடம்தான். வீட்டுக்குள் சொல்லாமல் விட்டால் தெருவிலிருந்தும் டெலிவிஷனிலிருந்தும் வந்து சேரும். அந்தச் சரக்கு நம் வீட்டுச் சரக்கைவிட உசத்தியாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் என்ற வியாபாரி பரம வைஷ்ணவர். அவர் வீட்டில் பாகவதர்களுக்கும் சந்நியாசிகளுக்கும் ஓயாத சாப்பாடு, ஓயாத புராண காலட்சேபம். 1879-ல் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை அந்தக் கதைகளையெல்லாம் காதாரக் கேட்டது. வந்தவர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டது. பிறகு பெரியார் ஆயிற்று. புராணம் கேட்காத வீட்டில் பிறந்திருந்தால் அவருக்குப் புராணத்தோடு அவ்வளவு சண்டை போடத் தெரிந்திருக்குமா? ஆஸ்திகனாவதற்கும் நாஸ்திகனாவதற்கும் முதலில் ஏதாவது ஒன்று வீட்டில் கிடைத்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே, நம்புகிறவர்கள் தாங்கள் நம்புவதைப் பிள்ளைக்குக் காட்டட்டும். ஒளித்து வைப்பது ஒரு பாசாங்கு. இந்தக் கட்சியோடு இவ்வளவுதான்.

இனி முதல் கட்சி. எண்ணிக்கையில் நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் இருக்கிறோம். கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஜாதி. இவர்களுக்கு நான் சொல்லப் போகிற பதிலுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், திருநாவலூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தக் கண்ணோடு இன்னொரு தரம் கேளுங்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழவர் தடியூன்றிக் கொண்டு வந்து, 'இந்தப் பிள்ளை என் அடிமை' என்கிறார். எப்படி? 'இவனுடைய பாட்டன் எனக்கு ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான். தானும் தன் வம்சத்தாரும் எனக்கு அடிமை என்று எழுதியிருக்கிறான்.' மாப்பிள்ளை என்ன செய்தார்? பாட்டன் கையெழுத்து என்று கண்ணில் ஒற்றிக் கொண்டாரா? எழுந்து ஓடிப் போய், அந்த ஓலையைப் பிடுங்கி, கிழித்தே போட்டுவிட்டார். கிழவரைப் பித்தன் என்று ஏசவும் செய்தார்.

கிழவர் சளைக்கவில்லை. 'கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்று வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டு போகிறார். சபையார் பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். 'பார்த்தீரா, பாட்டன் ஓலைதானே ஜெயித்தது?' என்று இந்த இடத்தில் முதல் கட்சிக்காரர் துள்ளி எழுவார். கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். சேக்கிழார் கதையை அந்தத் தீர்ப்போடு முடித்துவிடவில்லை. தீர்ப்பினால் கிழவருக்கு ஓர் அடிமை கிடைத்தான், பக்தன் கிடைக்கவில்லை. கிழவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்து, யார் என்பது விளங்கி, கூப்பிட்ட குரல் சுந்தரர் காதிலேயே விழுந்த பிறகுதான் பக்தி பிறக்கிறது. அப்போது இறைவன் என்ன சொன்னார்? 'என்னோடு வன்மை பேசினாய், உனக்கு வன்தொண்டன் என்று பெயர்' என்கிறார். தம்மை ஏசிய அந்தச் சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடச் சொல்கிறார். ஓலையைக் கிழித்த கைக்கு ஒரு தண்டனையும் இல்லை. சண்டை போட்டதே பட்டப் பெயராகி விட்டது.

அது மட்டுமா? கயிலையில் இருந்தபோது, பூமியில் நான் மயங்கினால் வந்து தடுத்து ஆட்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கொண்டவர் அவரேதான் என்று ஒரு முன்கதையும் இருக்கிறது. பாட்டன் எழுதிக் கொடுத்தது போதாது, இவனுடைய சொந்தச் சம்மதமும் ஒன்று வேண்டும் என்று புராணத்துக்கே தோன்றியிருக்கிறது. நமக்குத்தான் தோன்றவில்லை.

நாம் வருஷா வருஷம் பிரகலாதன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். தகப்பன், 'என் பெயரைச் சொல்' என்கிறான். பிள்ளை மாட்டேன் என்கிறது. மலையிலிருந்து உருட்டுகிறான், யானையை விட்டு மிதிக்கச் சொல்கிறான். நாம் பிள்ளையின் பக்கம் நின்று கண்ணீர் விடுகிறோம். கதை கேட்டுக் கொண்டிருக்கிற நம் வீட்டுப் பையன் நாளைக்கு எழுந்து, 'அப்பா, உங்க சாமியில எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொன்னால் நாம் யார் பக்கம்? யானை இல்லை, அவ்வளவுதான். சோறு இல்லை என்போம்; சொத்து இல்லை என்போம்; 'நீ எனக்குப் பிள்ளையே இல்லை' என்போம். இரணியன் செய்ததைத்தான் நம் வசதிக்குத் தக்கபடி செய்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. தாய்மொழியையும்தான் பிள்ளையைக் கேட்டுக் கொடுக்கவில்லை; அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லையே, மதத்தை மட்டும் ஏன் தனியாகப் பிடித்துக் கொள்கிறீர் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. மொழியைக் கொடுக்கிற மாதிரி மதத்தைக் கொடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். தமிழ் பேசி வளர்ந்த பெண் வேலைக்குப் போன இடத்தில் தெலுங்கு கற்றுக் கொண்டு தெலுங்கில் பேசினால், 'இனி நம் வாசற்படி மிதிக்காதே' என்று எந்தத் தகப்பனாவது சொன்னதுண்டா? தப்பாகப் பேசினால் நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை காத்திருக்கிறது என்று எந்தத் தாயாவது மிரட்டியதுண்டா? மொழியைப் பிரியமாகக் கொடுக்கிறோம். அது வாசலைத் தாழிடுவதில்லை. மதத்தைக் கொடுக்கும்போது மட்டும் நம் கைக்குத் தாழ்ப்பாள் எங்கிருந்து வருகிறது?

உண்மையைச் சொன்னால், நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம்பிக்கையே இல்லை. நம்பிக்கை நம்மிடம் இருந்தால்தானே கொடுக்க! நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லப்படுகிற முதல் செய்தி என்ன? 'சாமி கண்ணைக் குத்தும்.' உலகத்தைப் படைத்து, மழை பெய்வித்து, பயிரை வளர்க்கிற பரம்பொருளுக்கு இரண்டு வயதுப் பிள்ளை சோறு தின்னாததைக் கவனித்துக் கண்ணைக் குத்துகிற வேலை! கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டாவது செய்தி வருகிறது: பரீட்சைக்கு முன்னால் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடு. கடவுள் போலீஸ்காரராகவும், போலீஸ்காரர் வேலை முடிந்ததும் சிபாரிசுக்காரராகவும் ஆகிவிடுகிறார். மூன்றாவது செய்தி, 'அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே. அவர்கள் வேறே.' இதில் கடவுள் எங்கே இருக்கிறார்? பயம் இருக்கிறது, லஞ்சம் இருக்கிறது, வேலி இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, மேலே 'மதம்' என்று எழுதி, பிள்ளையின் தலையில் வைக்கிறோம். பிற்பாடு அந்தப் பிள்ளை மூட்டையை இறக்கி வைத்தால் கலி முற்றிவிட்டது என்று புலம்புகிறோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறிப் பாருங்கள். வெள்ளிமலையைச் சுற்றி இருக்கும் ஊர்களில் மலையாளிப் பழங்குடி ஜனங்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதும், கூடவே கரிராமன் என்ற தெய்வமும் வந்தது என்பதும் அவர்களிடையே வழங்கி வருகிற கதை. அங்கே பிள்ளையை உட்கார வைத்து மதபோதனை செய்ய யாருக்கும் நேரமில்லை. திருவிழாவுக்குத் தகப்பன் போகிறான். பிள்ளை தோளில் உட்கார்ந்து போகிறது. மேளத்தைக் கேட்கிறது, பொங்கல் தின்கிறது, தூங்கிப் போகிறது. அவ்வளவுதான் அதன் வேதபாடம்.

மலையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. எல்லா ஊரையும் போல அங்கும் பயமும் கட்டுப்பாடும் உண்டு. நான் அந்த மலையைச் சொல்வதற்குக் காரணம் வேறு. வம்சத்தையே கட்டிப் போடுகிற கட்டு என்றால் என்ன என்று அந்த மலைக்குத் தெரியும். இந்தியா சுதந்திரம் அடைந்து முப்பது வருஷத்துக்குப் பக்கமாகியும் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. 1976-ல்தான் முழுசாக அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அதே 1976-ல்தான் நம் பார்லிமெண்ட் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. தான் வாங்கிய கடனுக்காக மட்டுமில்லை, முன்னோர் வழியாக வந்த கடமைக்காகவும் ஒரு மனுஷனைக் கட்டி வைத்து வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பாட்டன் வாங்கிய பத்து மூட்டை கேழ்வரகுக்குப் பேரன் ஏர் பிடிக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டு நாம் எல்லாரும் தலையாட்டுகிறோம். உடம்புக்கு ஒப்புக் கொண்ட நியாயத்தை மனசுக்கு ஒப்புக் கொள்ள மட்டும் நமக்கு முடியவில்லை.

மலையைப் பற்றி இன்னொன்று. அந்த ஜனங்களில் பலர் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் உண்டுறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கின்றன. 'பிள்ளையைத் தன் மதத்தில் வளர்ப்பது பெற்றவர் உரிமை' என்று நாம் சாவகாசமாக வாதாடுகிறோமே, சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்குப் பிள்ளையோடு இருக்க முடிந்தவனுக்குத்தான் அந்த உரிமை. மலையில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை. அவன் ஊரில் இல்லாத நேரத்தில் அவன் பிள்ளைக்கு ஒரு 'நாகரிகமான' சாமியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கீழ்நாட்டிலிருந்து மலையேறுகிற எந்த மதத்துப் புண்ணியவானுக்கும் சொல்கிறேன். உம்முடைய பிள்ளையின் மதத்தில் மூன்றாம் மனுஷனுக்கு வேலை இல்லை என்றால், கரிராமனைக் கும்பிடுகிறவன் பிள்ளையின் மதத்தில் உமக்கு என்ன வேலை?

இதெல்லாம் மனசு சம்பந்தமான விஷயம், இதில் சாப்பாட்டுப் பிரச்னை என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது. மலையில் உள்ள மலையாளிக் குடும்பம் எந்த மதத்துக்குப் போனாலும் பழங்குடி என்ற சட்ட உரிமை மதத்தைக் காரணமாகக் காட்டிப் பறிபோகாது. அடிவாரத்தில் நிலைமை வேறு. 1950-ல் ஜனாதிபதி பிறப்பித்த ஆணையின்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியலின் சலுகை இந்துக்களுக்கு என்று இருந்தது. 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் நீண்டது. கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே, அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பாட்டன் ஞானஸ்நானம் பெற்றுக் கொண்டான் என்றால், இன்றைக்குப் பேத்தியின் காலேஜ் சீட்டிலும் உத்தியோகத்திலும் அது வந்து நிற்கிறது. மதம் மாறினால் சாதி போய்விட்டதா என்றால், கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனி இடம் ஒதுக்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்தச் சங்கடத்தினால் சில வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர், இரண்டு மதம். வீட்டில் ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று. 'வெளியில் கேட்டால் இப்படிச் சொல்' என்று பொய்யைப் பாடமாகப் படிக்கிற குழந்தை, எந்தக் கடவுளிடம் உண்மை பேசப் போகிறது?

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசாங்க உத்தியோகத்துக்காகத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்டார். கோர்ட்டு மறுத்தது. அவர் தொடர்ந்து கிறிஸ்தவராகவே வாழ்ந்து வருகிறார் என்பதற்கு நீதிபதிகள் பல காரணங்களை எடுத்துக் கொண்டார்கள். மாதா கோயிலுக்குத் தவறாமல் போய் வந்ததும் அதில் ஒன்று. ஆனால் அந்தக் காரணங்களின் வரிசையில் அவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது கொடுக்கப்பட்ட ஞானஸ்நானமும் இருக்கிறது. தீர்ப்பு சட்டப்படி சரியா, தப்பா என்பது வக்கீல்களின் வேலை. என் கண் அந்த ஞானஸ்நானத்திலேயே நிற்கிறது. தொட்டிலில் கிடந்த குழந்தையின் நெற்றியில் மற்றவர்கள் விட்ட தண்ணீர், முப்பது வருஷத்துக்குப் பிறகு அதன் பேரில் சாட்சி சொல்ல வருகிறது. ஓலைக்கு இப்போது சர்க்கார் முத்திரையும் விழுந்துவிட்டது.

நம் சென்னையிலேயே இன்னொரு வழக்கு நடந்திருக்கிறது. அன்னி பெசண்ட் அம்மையாருக்கு 1878-ல் இங்கிலாந்தில் ஒரு கொடுமை நடந்தது. நாஸ்திகம் பேசுகிறவள், தகாத புத்தகம் வெளியிட்டவள் என்று காரணம் காட்டி, கோர்ட்டு அவருடைய மகளை அவரிடமிருந்து பிரித்தது. அதே அம்மையார் பிற்பாடு பிரம்மஞான சங்கத்தின் தலைவியாகிச் சென்னை அடையாற்றில் இருந்தபோது, நாராயணய்யா என்ற தகப்பனார் தம் இரண்டு பிள்ளைகளுக்கு அவரைக் கார்டியனாக ஆக்கி 1910-ல் எழுதிக் கொடுத்தார். உலக குரு என்று உயர்த்துவதற்காக மூத்தவனை வளர்த்தார்கள். 1912-ல் தகப்பனார் மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். சென்னை ஹைகோர்ட்டில் தகப்பனார் ஜெயித்தார். 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையார் ஜெயித்தார். எழுதிக் கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும் இரண்டு வருஷம் மல்லுக் கட்டினார்கள். அந்த மூத்த பிள்ளைதான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929-ல், தமக்காகவே ஏற்படுத்தப்பட்ட சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டு எழுந்து போனார். பெற்றவர், வளர்த்தவர் இருவருடைய ஓலையையும் சேர்த்துக் கிழித்துப் போட்டார் என்றுதான் நான் எடுத்துக் கொள்கிறேன்.

நாஸ்திகத் தகப்பனார் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். அவரும் ஓலை எழுதுகிறவர்தான். பாட்டியோடு கோயிலுக்குப் போன பேரனைத் திண்ணையில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறவர் இல்லையா? இங்கிலாந்தில் ஜேம்ஸ் மில் என்ற அறிஞர் தம் பிள்ளை ஜான் ஸ்டூவர்ட் மில்லை மதமே இல்லாமல் வளர்த்தார். தம் கொள்கையை மட்டும் மூன்று வயதிலிருந்து மூச்சுவிடாமல் புகட்டினார். பிள்ளை பெரிய மேதையாயிற்று. இருபது வயதில் மனசு உடைந்தும் போயிற்று. தமிழ்நாட்டில் மதம், சாதி என்ற இடங்களைக் காலியாக விட்டுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1973-லேயே அரசாணை இருக்கிறது. 2000-ல் மறுபடியும் அதை வலியுறுத்தினார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா 2019-ல் சாதி, மதம் அற்றவர் என்று அரசாங்கச் சான்றிதழே வாங்கினார். அவருக்கும் சிறுவயதில் அந்த இடங்களைக் காலியாக விட்டவர்கள் பெற்றோர்தான். ஆனால் வளர்ந்த பிறகு அதைத் தம்முடையது என்று கேட்டு வாங்கியவர் அவர். ஒரு நம்பிக்கை சொந்தமாவது இப்படித்தான், அது நம்பாமை ஆனாலும் சரி.

'இப்படி வாசலைத் திறந்து போட்டால் மதமே அழிந்து போகும், ஐயா' என்பார்கள். ஜெர்மனியில் 1921-லேயே சட்டம் போட்டார்கள்: பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளையின் விருப்பத்துக்கு விரோதமாக அதை வேறு மதத்தில் வளர்க்கக் கூடாது, பதினாலு வயதில் எந்த மதம் என்று அதுவே முடிவு செய்யலாம். அங்கே மாதா கோயில்கள் இடிந்து விழுந்து விடவில்லை. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை செய்த குழந்தை உரிமை உடன்படிக்கையும், பெற்றவர் வழிகாட்டலாம், ஆனால் பிள்ளையின் வளர்கிற பக்குவத்துக்கு ஏற்பக் காட்ட வேண்டும் என்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஒப்புக் கொண்டது. ஒப்புக் கொண்டது டெல்லியில். நம் வீட்டுக் கூடத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

திலகவதியாரைப் பாருங்கள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர்க்காரர். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பிக்குத் தாயாக இருந்தவர். அந்தத் தம்பி வீட்டுச் சைவத்தை உதறிவிட்டுச் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெரிய பதவியிலும் உட்கார்ந்துவிட்டார். அக்காளுக்கு மனசு நொந்தது; இறைவனிடம் முறையிட்டு அழுதார். தம்பியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடவில்லை. சூலை நோய் வந்து தம்பி ஆளனுப்பியதும், பிறகு நேரே வந்து காலில் விழுந்ததும், வாசல் திறந்திருந்ததால்தான். திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். திருநாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார். தம்பி திரும்பி வராமலே போயிருந்தால்? அப்போதும் திலகவதியார் அக்காளாகத்தான் இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். இந்த இரண்டாவது நிலைமைக்குத் தயாராக இல்லாதவர், பிள்ளைக்கு மதம் சொல்லிக் கொடுக்கத் தகுதியில்லாதவர்.

ஆகவே நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. நம்புகிறவர்கள் விளக்கேற்றுங்கள், ஜெபம் செய்யுங்கள், தொழுங்கள். பிள்ளை பார்க்கட்டும், கூட உட்காரட்டும். சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுச் சாமியை இளக்காரமாகப் பேசாதீர்கள். 'ஏன்?' என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வளர்ந்த மகனோ மகளோ ஒரு நாள் எதிரில் வந்து நின்று, 'இது என்னுடையது இல்லை' என்றால், சாப்பாட்டு இலையை எடுத்துவிடாதீர்கள். திருவெண்ணெய்நல்லூரில் ஓலையைப் பறிகொடுத்த கடவுளே சபைக்கு வந்து, நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தம் வழக்கை எடுத்துரைத்தார். நம் வீட்டுத் தகப்பனார் அவரைவிடப் பெரியவர் இல்லை. பிள்ளை கேள்வி கேட்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து போகாமல், அவரும் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.